சுண்ணாம்புத் தொட்டிக் கழிவில் புரண்ட நாயும் ஸ்கங்க் நாற்றத்துக்கான கலவையும்

ஸ்கங்க் என்ற விலங்கு நம் நாட்டில் கிடையாது. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் அந்தச் சிறு விலங்கு, தன்னைச் சீண்ட வரும் நாயின் முகத்தில், வாலுக்கடியில் உள்ள இரண்டு சுரப்பிகளிலிருந்து எண்ணெய்ப் பசையுள்ள ஒரு திரவத்தைப் பீய்ச்சிவிட்டு ஓடிவிடும். சோப்பு போட்டுக் குளிப்பாட்டினாலும் எளிதில் போகாத அந்த நாற்றத்தை நீக்க அங்குள்ளவர்கள் ஒரு கலவையைப் பயன்படுத்துகிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஆகிய மூன்றே அதில் சேரும் பொருள்கள். மேல்விஷாரத்துக்கும் ஆற்காட்டுக்கும் இடையில், பாலாற்றங்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில், தோல் பதனிடும் கழிவில் புரண்டுவிட்டு வந்த நாட்டு நாய்க்கு அதே கலவையைப் பயன்படுத்தி நாற்றத்தைப் போக்கிய முறையை இங்கே பதிவு செய்கிறேன். இரண்டு நாற்றங்களுக்கும் மூலம் கந்தகம்தான் என்பதால் கலவை வேலை செய்தது. ஆனால் அதை அப்படியே எடுத்து ஊற்றிவிட முடியாது என்பதையும், அதற்கு முன் செய்ய வேண்டியவையே அதிகம் என்பதையும் சொல்லத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் நாய் கறுப்பன் வீட்டுக்குள் நுழைந்தபோது அதன் கழுத்திலும் வலது தோளிலும் முதுகின் ஒரு பாதியிலும், சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் களிம்பு போன்ற ஒன்று அப்பியிருந்தது. அழுகிய முட்டையின் நாற்றம் திண்ணைக்கு வருவதற்கு முன்பே தெரு முழுவதும் பரவிவிட்டது. ஆற்றோரப் பள்ளத்தில் யாரோ இரவில் வண்டியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன கழிவு அது. செத்தது, அழுகியது எதைக் கண்டாலும் நாய் அதில் தோளைச் சாய்த்துப் புரளும் என்பது நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் அறிந்ததுதான். வந்த நாற்றம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு மூன்று அடையாளங்கள் கிடைத்தன. முதலாவது, அந்த அழுகிய முட்டை நாற்றம். இரண்டாவது, கழுத்துப் பட்டையில் தொங்கிய பித்தளை மணி, காலையில் மஞ்சளாக இருந்தது, களிம்பு பட்ட பக்கம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. பித்தளையில் உள்ள செம்பு, சல்பைடு என்ற கந்தகச் சேர்மம் பட்டால் இப்படித்தான் கறுக்கும். மூன்றாவதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. களிம்பு தடித்திருந்த இடத்தில் ரோமம் வழவழவென்று கூழாகத் தொடங்கியிருந்தது.

அது அப்படி ஆகாமல் இருந்தால்தான் வியப்பு. ஏனென்றால் அந்தக் கழிவுக்கு ஆதாரமான கரைசலின் வேலையே ரோமத்தைக் கரைப்பதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று வட ஆற்காடு முழுவதும் பரவியுள்ள டேனரிகளில், உப்பிட்டு வரும் பச்சைத் தோலை ஊறவைத்துக் கழுவிய பின், சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த கரைசலில் போடுகிறார்கள். ரோமத்தின் கெரட்டின் புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளைச் சல்பைடு அறுத்துவிடும். சுண்ணாம்பின் காரம் தோலை உப்பச் செய்து, அதன் உட்புறம் ஒட்டியிருக்கும் சவ்வையும் கொழுப்பையும் வழித்தெடுக்க வசதி செய்து கொடுக்கும். கார, அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு அந்தக் கரைசலில் 12 வாக்கில், அதாவது வலுவான காரமாக, இருக்கும். வழித்தெடுத்த சவ்வும் கொழுப்பும் ஊறிய சுண்ணாம்பும் சேர்ந்த சேறுதான் கறுப்பனின் மீது இருந்தது. செத்த ஆட்டின் தோலுக்கும் உயிருள்ள நாயின் தோலுக்கும் அந்தக் கரைசல் வேறுபாடு பார்க்காது. ஆகவே நாற்றத்தைப் போக்குவது இரண்டாவது வேலையாகிவிட்டது. காரத்தையும் சல்பைடையும் உடலை விட்டு உடனே அகற்றுவதே முதல் வேலை.

இதற்குள் அம்மா புளியைக் கரைக்கத் தொடங்கியிருந்தார். மீன் கழுவிய கைக்கும், பித்தளைப் பாத்திரத்துக்கும், எந்த வீச்சத்துக்கும் புளிதான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். எதிர்வீட்டில் இருக்கும் பாய், நெடுங்காலம் டேனரியில் சுண்ணாம்புப் பிரிவில் வேலை பார்த்தவர், நாற்றம் வந்ததும் கதவைத் திறந்து வெளியே வந்து நாயைப் பார்த்தார். பார்த்ததும் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "தம்பி, இது சுண்ணாம்புத் தொட்டிச் சரக்கு. புளி, எலுமிச்சை எதையும் கிட்ட கொண்டாராதீங்க. ஆவி கிளம்பும், ஆளையே சாய்ச்சுடும். மொதல்ல தண்ணிய ஊத்துங்க. ஊத்திக்கினே இருங்க."

பாயின் எச்சரிக்கைக்குப் பின்னால் உள்ள வேதியியல் எளிமையானது. சல்பைடு, வலுவான காரத்தில் இருக்கும்வரை கரைசலிலேயே அயனியாகத் தங்கியிருக்கும். அமிலம் சேர்ந்து பி.எச். இறங்க இறங்க அது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாறி வெளியேறும், பி.எச். 7 என்ற நடுநிலையை எட்டும்போதே ஏறத்தாழ பாதி வாயு வடிவத்துக்கு வந்துவிடும். அந்த வாயுவின் கொடுமை என்னவென்றால், மிகச் சிறிய அளவில் இருக்கும்போது மூக்கைத் துளைக்கும்; காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது மோப்ப நரம்பையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைப்பவர் உண்மையில் பெரிய ஆபத்தில் இருப்பார். கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மயங்கி விழுந்து இறந்துபோகும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த வாயுவே இருக்கிறது. ஒரு நாயின் மேலுள்ள சேற்றிலிருந்து அவ்வளவு வாயு திறந்த வெளியில் சேராது என்றாலும், கதவைச் சாத்திய சிறு குளியலறையில் புளியோ எலுமிச்சையோ வினிகரோ புளித்த மோரோ ஊற்றுவது விளையாட்டு அல்ல. சீயக்காயும் அமிலத் தன்மை உடையதுதான் என்பதால் அதையும் ஒதுக்கினேன். அமெரிக்காவில் ஸ்கங்க் நாற்றத்துக்குத் தக்காளிச் சாறு பூசும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அது நாற்றத்தை நீக்குவதில்லை; பூசுபவரின் மூக்கு பழகிவிடுவதால் நீங்கியது போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். நம் ஊர்ச் சூழலில் அந்த வழக்கத்தைப் பின்பற்றினால் அது வெறும் வீண் வேலையாக மட்டும் நின்றுவிடாது.

ஆகவே கறுப்பனைக் குளியலறைக்குக் கொண்டுபோகாமல் பின்புறத் தோட்டத்தில் கொய்யா மரத்தடியில் கட்டினோம். காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து நாயை நோக்கி வீசும்படி நின்றுகொண்டோம். தம்பி அதன் தலையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை அணிந்திருந்தோம். வெறும் கையால் தொட்டால் நம் தோலும் அதே வழியில் உரியும். நக்கவிடாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம் என்பதால் வாயைத் துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டினோம். மூச்சு வாங்கவும் சிறிது வாய் திறக்கவும் இடம் இருக்க வேண்டும். இறுகக் கட்டினால் வெயிலில் நாய் தவித்துவிடும். பழைய பனியன் துணிகளால் சேற்றை, பரப்பாமல், ரோமம் போகும் திசையிலேயே வழித்தெடுத்தோம். காய்ந்து பொருக்காக இருந்த சுண்ணாம்பை நனைப்பதற்கு முன்பே தட்டி உதிர்த்துவிட்டோம். அதன் பிறகு மோட்டார் குழாயை வைத்துக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் பாய்ச்சினோம். தண்ணீரின் வேகத்தைக் குறைத்தே வைத்திருந்தோம். கூழான ரோமத்தின் மேல் வேகமாகப் பீய்ச்சினால் அது தோலோடு பிய்ந்து வரும்.

தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். கண் சிவந்திருக்கிறதா, வாயில் எச்சில் ஒழுகுகிறதா, நாக்கிலோ ஈறிலோ புண் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். அவற்றில் ஒன்று இருந்தாலும் குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டு உடனே அழைத்து வரச் சொன்னார். ஒன்றும் இல்லை என்பதால்தான் அடுத்த கட்டத்துக்குப் போனோம். தோலில் ரத்தம் கசியும் அளவுக்குப் புண் இருந்திருந்தால் பெராக்சைடு கலவையைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

தண்ணீருக்குப் பின்னும் நாற்றம் மிச்சமிருந்தது. கொழுப்போடு கலந்து ரோமத்தின் அடியில் ஒட்டியிருந்த சல்பைடும், சவ்வு அழுகியதால் உண்டான வேறு கந்தகச் சேர்மங்களும் தண்ணீருக்கு அசையவில்லை. இந்த இடத்தில்தான் ஸ்கங்க் கலவை வருகிறது. அதை உருவாக்கியவர் பால் கிரெபாம் என்ற அமெரிக்க வேதியியலாளர். ஆய்வுக்கூடத்தில் தம் சோதனையிலிருந்து வெளிவந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் நாற்றத்தைப் போக்க அவர் காரம் சேர்ந்த பெராக்சைடைப் பயன்படுத்திவந்தார். உடன் பணியாற்றிய ஒருவரின் பூனை ஸ்கங்கிடம் மாட்டிக்கொண்டபோது, அதே வழியைத் தோலுக்குக் கேடில்லாத அளவுக்கு மென்மையாக்கிக் கொடுத்தார். 1993ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியல் சங்கத்தின் வார இதழில் அது வெளிவந்தது. ஆக, ஹைட்ரஜன் சல்பைடுக்காகப் பிறந்த வழி ஸ்கங்குக்குப் போய், எங்கள் தோட்டத்தில் மறுபடி ஹைட்ரஜன் சல்பைடுக்கே திரும்பியிருக்கிறது.

ஸ்கங்க் திரவத்தின் நாற்றத்துக்குக் காரணமானவை தயால் என்ற வகைச் சேர்மங்கள்; கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கண்ணி அவற்றின் முனையில் இருக்கும். வீட்டு எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலிண்டரில் சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டானும் அதே வகைதான். பெராக்சைடிலிருந்து வரும் ஆக்சிஜன் அந்தக் கண்ணியைத் தாக்கி, ஆவியாகாத, நீரில் கரைந்து கழுவப்பட்டுவிடும் சேர்மமாக மாற்றுகிறது. சல்பைடும் அவ்வாறே கந்தகமாகவும் சல்பேட்டாகவும் மாறும். சமையல் சோடா இந்த வினை விரைவாக நடப்பதற்கு வேண்டிய இலேசான காரத்தைத் தருகிறது. சோப்பு கொழுப்பைப் பிரித்து, பெராக்சைடு உள்ளே போக வழி விடுகிறது. ஆகவே இது வாசனையால் நாற்றத்தை மூடி மறைக்கும் வேலை அன்று.

மூல அளவு ஒரு லிட்டர் அளவுக்கு 3 சதவீதப் பெராக்சைடு, கால் கோப்பை சமையல் சோடா, ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி திரவ சோப்பு என்பதுதான். இங்கே ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க மருந்துக் கடைகளில் கிடைப்பது 3 சதவீதக் கரைசல். நம் மருந்துக் கடைகளில் பொதுவாகக் கிடைப்பது 6 சதவீதம். லேபிளில் '20 வால்யூம்' என்றும் அச்சிட்டிருக்கும். ஒரு பங்கு கரைசலிலிருந்து இருபது பங்கு ஆக்சிஜன் வெளிவரும் என்பது அதன் பொருள். எனவே 500 மில்லி பெராக்சைடுக்கு 500 மில்லி தண்ணீர் சேர்த்தால்தான் மூலக் குறிப்பின் வலிமை வரும். லேபிளைப் படிக்காமல் அப்படியே ஊற்றினால் இரண்டு மடங்கு வலிமை நாயின் தோலில் இறங்கும். நாயின் மேல்தோல் நம் தோலைவிட மெல்லியது. இரசாயனக் கடைகளில் 30 சதவீதம், 50 சதவீதம் என்று கேனில் விற்கும் பெராக்சைடு கையில் பட்டாலே வெள்ளையாக வெந்துவிடும் என்பதால் அதை நீர்த்துப் பயன்படுத்தலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

சோடாவிலும் கவனம் தேவை. ஆப்பத்துக்கும் இட்லிக்கும் போடும் சமையல் சோடா மட்டுமே சரி. வண்ணான் சோடா, சலவைச் சோடா என்ற பெயர்களில் விற்பது பல மடங்கு காரமானது. ஏற்கெனவே காரத்தால் நொந்த தோலுக்கு அது ஆகாது. கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடரில் அமிலமும் கலந்திருக்கும் என்பதால் அதுவும் ஆகாது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர்; குளியல் சோப்பு அதில் நுரைக்காமல் வெள்ளைத் திரியாகத் திரண்டு ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். எனவே பாத்திரம் கழுவும் திரவத்தையே எடுத்துக்கொண்டேன். பெராக்சைடை நீர்க்கக் கேன் தண்ணீரைப் பயன்படுத்தினேன். இரும்பும் செம்பும் பெராக்சைடை வீணாகச் சிதைத்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் வாளியில், நாயின் பக்கத்தில் வைத்தே கலந்தேன்.

உடலிலிருந்த தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கழுத்தின் பின்புறத்தில் தொடங்கி வால் பக்கமாகக் கலவையை ஊற்றி, கையுறையிட்ட விரல்களால் தோல்வரை போகும்படி மெல்லத் தடவினோம். காதில் பஞ்சு வைத்திருந்தோம். முகத்துக்கு ஊற்றவே இல்லை; கலவையில் நனைத்துப் பிழிந்த துணியால் கண்ணைத் தவிர்த்துத் தாடையையும் நெற்றியையும் துடைத்தோம். கலவை பட்ட முதல் கணத்தில் நாற்றம் குறையாமல் சற்றுக் கூடியது. மிச்சமிருந்த சுண்ணாம்பின் வலுத்த காரத்தைச் சமையல் சோடா தணிக்கும்போது கொஞ்சம் வாயு வெளியேறுவது இயல்பு. திறந்த வெளியில் வேலை செய்ததும், முதலில் அவ்வளவு தண்ணீர் ஊற்றியதும் இந்தக் கணத்துக்காகத்தான். பிறகு நுரை பால் நிறமாகக் கலங்கியது. பிரிந்த கந்தகத்தின் நிறம் அது. ஐந்து நிமிடத்துக்குள் அழுகிய முட்டை நாற்றம் ஏறக்குறைய முழுவதும் அடங்கிவிட்டது. அதற்கு மேல் கலவையை ஊறவிடாமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசினோம். கடைசி அலசலுக்குக் குடிநீர்க் குழாயில் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரைப் பயன்படுத்தினோம்.

முன்னங்கால் விரல்களின் இடுக்கிலும் காதின் அடிமடிப்பிலும் மட்டும் நாற்றம் மிச்சமிருந்தது. அந்த இடங்களுக்கு மட்டும் புதிதாகச் சிறிதளவு கலந்து துணியால் ஒற்றினோம். ஸ்கங்க் விஷயத்தில் நாய் நனையும்போதெல்லாம் நாற்றம் திரும்ப வரும் என்பார்கள். அந்தத் திரவத்தில் தயோ அசெட்டேட் என்ற சேர்மங்களும் உண்டு; அவை தண்ணீர் பட்டு மெல்ல மெல்லத் தயாலாக மாறுவதே அதற்குக் காரணம். டேனரிச் சேற்றில் அந்தத் தொல்லை இல்லை. பின்னர் மழையில் நனைந்து வந்தபோதும் கறுப்பனிடம் நாயின் ஈர வாடை மட்டுமே இருந்தது. ரோமம் மட்டும் கழுத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்கு உதிர்ந்துவிட்டது. அதைச் சுற்றியிருந்த கறுப்பு ரோமம் இலேசாகச் செம்பட்டையாகியிருந்தது. உதிர்ந்ததற்குச் சல்பைடும், வெளுத்ததற்குப் பெராக்சைடும் காரணம். தோல் வறண்டு சிவந்திருந்த இடத்துக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பைத் தவிர எண்ணெய், மஞ்சள் எதையும் தடவவில்லை. தடவியதை நாய் நக்கியே தீரும்.

இந்தக் கலவையை எல்லாக் கழிவுக்கும் பயன்படுத்தலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாயின் மேல் ஒட்டியிருப்பது நீலமாகவோ நீலப் பச்சையாகவோ இருந்தால், அது குரோம் பதனிடலுக்குப் பிந்தைய கழிவு. அதில் உள்ள மூவிணைதிறக் குரோமியத்தைக் காரம் சேர்ந்த பெராக்சைடு அறுவிணைதிறக் குரோமியமாக மாற்றும்; கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குரோமியத்தைக் கண்டறியும் மஞ்சள் நிறச் சோதனையே அந்த வினைதான். அறுவிணைதிறக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. இராணிப்பேட்டைப் பக்கத்து மக்களுக்கு அந்தப் பெயரை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. நீலக் கழிவுக்குத் தண்ணீரும் மென்மையான சோப்பும் மருத்துவரும்தான். செத்த மீனிலோ செத்த எலியிலோ புரண்டு வந்த நாய்க்கும் இந்தக் கலவை முழுப் பலன் தராது. அந்த வீச்சத்தில் அமீன்கள் என்ற நைட்ரஜன் சேர்மங்களின் பங்கு பெரிது. அவற்றை அடக்க நீர்த்த வினிகர் போன்ற இலேசான அமிலம் உதவும். சுண்ணாம்புக் கழிவுக்கு ஆகாத அமிலம் அங்கே ஆகும். நாற்றத்தின் மூலம் எது என்று தெரியாதவரை வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

பாலாற்றுப் படுகையின் டேனரிக் கழிவு குறித்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே உறுதிப்படுத்தியது. கறுப்பனுக்கான பெராக்சைடு செலவை யாரிடம் கேட்பது என்று பாய் சிரித்துக்கொண்டே கேட்டார்.

நாயைத் தவிர மற்றவற்றையும் கவனிக்க வேண்டியிருந்தது. தோல் கழுத்துப் பட்டையின் உள்ளே ஊறிய சல்பைடு எளிதில் வராது என்பதால் அதை எறிந்துவிட்டேன். துடைத்த துணிகளை மூடியிட்ட வாளியில் போட்டு வைக்காமல் வெளியிலேயே பெராக்சைடு கலவையில் அலசிக் காயவைத்து அப்புறப்படுத்தினேன். நாய் நடந்து வந்த திண்ணையையும் வாசலையும் தண்ணீரும் சோடாக் கலவையும் கொண்டு கழுவினோம். தரை வெளுக்க நம் வீடுகளில் ஊற்றும் ஆசிட்டை அன்றைக்கும் அடுத்த சில நாள்களுக்கும் அந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்தேன். புளியைவிட அது பல மடங்கு வேகமாக வாயுவைக் கிளப்பும். பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் நாய்க்கும் வேண்டாம், அது படுக்கும் இடத்துக்கும் வேண்டாம்.

மீந்த கலவையை அன்றே தண்ணீரில் கலந்து கொட்டிவிட்டேன். அதைப் பாட்டிலில் ஊற்றி மூடி வைத்தால், ஓயாமல் வெளிவரும் ஆக்சிஜன் பாட்டிலை வெடிக்க வைத்துவிடும். கலக்காத பெராக்சைடை மட்டும் அதன் சொந்தப் பழுப்பு நிறப் பாட்டிலிலேயே, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன். நாளாக ஆக அது வலிமை இழந்து வெறும் தண்ணீராகிவிடும் என்பதால், பயன்படுத்துவதற்கு முன் நறுக்கிய உருளைக்கிழங்குத் துண்டின் மேல் சில துளி விட்டுப் பார்க்கிறேன். பொங்கி நுரைத்தால் அது இன்னும் வேலை செய்யும். நுரைக்காவிட்டால் புதிய பாட்டில் வாங்க வேண்டும்.